நர்ஸுக்கும் மனசு உண்டு: அந்தப் பத்து நிமிடத்தை யார் தருவார்கள்?

போன வருடம் மே 12. செவிலியர் தினம். எங்கள் கல்லூரி அரங்கத்தில் குத்துவிளக்கு, உறுதிமொழி, நைட்டிங்கேல் அம்மையார் படத்துக்கு மாலை என்று எல்லாம் முறைப்படி நடந்தது. சிறப்புப் பேச்சாளர் ஒருவர் வந்திருந்தார். தலைப்பு 'மன அழுத்தத்தை வெல்வது எப்படி'. நாற்காலிகள் காலியாக இருக்கக் கூடாது என்பதால், நைட் டியூட்டி முடித்து வீட்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்த ஸ்டாஃப் நர்ஸ்களையும் பிடித்து உட்கார வைத்துவிட்டார்கள்.

"எல்லாரும் கண்ணை மூடிக்குங்க... மூச்சை மட்டும் கவனிங்க..." என்றார் பேச்சாளர்.

இரண்டு நிமிடம்கூட ஆகியிருக்காது. மூன்றாவது வரிசையிலிருந்து குறட்டை கேட்டது. அரங்கமே சிரித்தது. நானும்தான் சிரித்தேன். அந்த அக்கா திடுக்கிட்டு எழுந்து, முகம் சிவந்து, புடவைத் தலைப்பை இழுத்துச் சரி செய்துகொண்டார்.

ஹாஸ்டலுக்குத் திரும்பும் வழியில்தான் உறைத்தது. அன்று அந்த அரங்கில் தன் உடம்புக்கு என்ன தேவை என்பதை மிகச் சரியாகச் செய்தவர் அவர் ஒருவர்தான். அவரைப் பார்த்துத்தான் நாங்கள் சிரித்தோம்.

தியானம், மூச்சுப் பயிற்சி எல்லாம் வீண் என்று சொல்லப் போகிறேன் என்று நினைக்காதீர்கள். நான் சொல்ல வருவது நேர் எதிரானது. ஒரு நர்ஸ் தன் மனதைக் கவனிப்பதும், நடந்ததைத் திரும்பிப் பார்ப்பதும், ஊசி போடக் கற்பது போலவே தொழிலுக்கு அவசியம் என்று நம்புகிறேன். ஆனால் அதை எங்கே, எப்போது, யாருடைய நேரத்தில் செய்வது என்பதில்தான் சண்டையே இருக்கிறது.

முதலில் என் கதை.

இரண்டாம் வருடத்தில் மெடிக்கல் வார்டு போஸ்டிங். பதினான்காம் நம்பர் கட்டிலில் ஒரு தாத்தா. இதயம் பலவீனம், கால் இரண்டும் வீங்கியிருக்கும், படுத்தால் மூச்சு முட்டும். அதனால் இரவெல்லாம் மூன்று தலையணை வைத்துச் சாய்ந்தே உட்கார்ந்திருப்பார். கூட இருந்த மகன் ஏதோ வாங்க வெளியே போயிருந்தார். நான் பி.பி. பார்த்துவிட்டு நகரும்போது தாத்தா என் கையைத் தொட்டு, "தாயி, செத்த நேரம் உக்காந்துட்டுப் போயேன்" என்றார்.

"இதோ வர்றேன் தாத்தா" என்று சொல்லிவிட்டுப் பதினைந்தாம் கட்டிலுக்குப் போனேன். அப்புறம் பதினாறு, பதினேழு... ஒருவருக்கு டிரிப் நின்றுவிட்டது, ஒருவருக்கு வாந்தி. அதிகாலை நாலரை மணிக்குப் பதினான்கில் சத்தம் கேட்டு ஓடினோம். டாக்டர் வந்தார், நெஞ்சை அழுத்தினார்கள், ஊசி போட்டார்கள். ஐந்து மணிக்கெல்லாம் முடிந்துவிட்டது.

உடலைத் துடைத்து, தாடையையும் கால் பெருவிரல்களையும் சேர்த்துக் கட்ட ஸ்டாஃபுக்கு உதவினேன். கை நடுங்கவில்லை. அழவும் இல்லை. ஆறு மணிக்கு எல்லாருக்கும் டெம்பரேச்சர் பார்த்து சார்ட்டில் புள்ளி வைத்தேன். "பெட் நம்பர் 14, டெத்" என்று ரிப்போர்ட்டில் ஒரு வரி. அவ்வளவுதான். மெஸ்ஸில் இட்லித் தட்டின் முன்னால் உட்கார்ந்தபோதுதான் தொண்டை அடைத்தது. அன்றைக்கு மட்டுமல்ல, அடுத்த இரண்டு வாரமும் அந்த வார்டில் எந்த நோயாளியின் முகத்தையும் நான் பார்க்கவில்லை. கையைப் பார்த்தேன், சார்ட்டைப் பார்த்தேன், டிரிப்பைப் பார்த்தேன். முகத்தை மட்டும் பார்க்கவில்லை.

இது என் தனிப்பட்ட கோளாறு என்றுதான் ரொம்ப நாள் நினைத்தேன். பிறகு லைப்ரரியில் இசபெல் மென்சீஸ் என்பவரைப் பற்றிப் படித்தேன். லண்டனில் ஒரு பெரிய பயிற்சி மருத்துவமனை, தன் மாணவ நர்ஸ்கள் பிரச்சினையைத் தீர்க்க உதவி கேட்டு டாவிஸ்டாக் நிறுவனத்திடம் போனது. அங்கிருந்து வந்த மனப்பகுப்பாய்வாளர் இவர். 1960-ல் அவர் வெளியிட்ட ஆய்வு இன்றைக்கும் பேசப்படுகிறது. அந்த மருத்துவமனையில் சேர்ந்த மாணவிகளில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கினர் படிப்பை முடிக்காமல் வெளியேறிக்கொண்டிருந்தார்கள்.

அவர் கண்டது இதுதான். நோய், வலி, மரணம் இவற்றின் அருகிலேயே இருப்பது நர்ஸுக்குத் தாங்க முடியாத பதற்றத்தைத் தருகிறது. அந்தப் பதற்றத்தைப் பேசித் தீர்க்க இடமில்லாததால், மருத்துவமனையே தெரிந்தோ தெரியாமலோ ஒரு ஏற்பாட்டைச் செய்துகொள்கிறது. ஒரு நோயாளியை ஒரே நர்ஸ் முழுதாகக் கவனிக்க விடாமல், வேலையைத் துண்டு துண்டாக்கிப் பிரித்துக் கொடுக்கிறது. ஒருத்தி எல்லாருக்கும் பி.பி., ஒருத்தி எல்லாருக்கும் மாத்திரை. நோயாளிகளைப் பேர் சொல்லாமல் 'பத்தாம் கட்டில் கல்லீரல்' என்று சொல்கிறது. உணர்ச்சியைக் காட்டினால் கண்டிக்கிறது. இதெல்லாம் நர்ஸைக் காப்பாற்றுவதற்கான தடுப்புச் சுவர்கள். ஆனால் அந்தச் சுவர் பதற்றத்தைக் குறைக்கவில்லை, வேலையில் கிடைக்கும் நிறைவைத்தான் தடுத்துவிட்டது என்பது அவர் முடிவு.

படித்ததும் எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. லண்டன் எங்கே, நம்ம ஊர் எங்கே, 1960 எங்கே... ஆனால் 'பெட் நம்பர் 14' அப்படியே இருக்கிறது!

சரி, என்னை அந்தக் குழியிலிருந்து தூக்கிவிட்டது எது? தியான வகுப்பு இல்லை. ஒரு டீ.

அந்த வார்டில் வேலை பார்த்த மூத்த சிஸ்டர் ஒருவர், இருபது வருட சர்வீஸ். ஒருநாள் டியூட்டி முடிந்ததும் "ஏம்மா, வா, டீ குடிச்சிட்டுப் போவோம்" என்று கூப்பிட்டார். டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து, "பதினாலாம் பெட் தாத்தா போனதிலிருந்து நீ ஒரு மாதிரி இருக்கியே?" என்றார். நான் எல்லாவற்றையும் கொட்டினேன். 'வர்றேன்' என்று சொல்லிவிட்டுப் போகாததையும். அவர் "அதெல்லாம் ஒண்ணுமில்ல, மறந்துடு" என்று சொல்லவில்லை. கொஞ்ச நேரம் சும்மா இருந்துவிட்டுத் தன் கதையைச் சொன்னார். அவர் வேலைக்குச் சேர்ந்த முதல் வருடம் ஒரு குழந்தை. அந்தக் குழந்தையின் பெயர் இன்னமும் அவருக்கு ஞாபகம் இருக்கிறது. அதன் பிறகு ஒரு கேள்வி கேட்டார்:

"அன்னைக்கு உன்னால உட்கார முடிஞ்சிருக்குமா?"

யோசித்தேன். முடிந்திருக்காது. நாற்பது பேருக்கு ஒரு ஸ்டாஃப், இரண்டு மாணவிகள்.

"அப்ப, 'வர்றேன்'னு சொல்லாம வேற என்ன சொல்லியிருக்கலாம்?"

இதற்கு எனக்கு உடனே பதில் வரவில்லை. இரண்டு நாள் கழித்து வந்தது. "தாத்தா, இப்ப முடியாது, இன்னும் நாலு பேரைப் பார்க்கணும். ஆனா நீங்க கூப்பிட்டது எனக்குத் தெரியும்" என்று, அவர் கையைப் பிடித்துக்கொண்டு, முகத்தைப் பார்த்துச் சொல்லியிருக்கலாம். அதற்குப் பத்து விநாடி போதும். இப்போதெல்லாம் அப்படித்தான் சொல்கிறேன்.

அந்த சிஸ்டர் கிப்ஸ் சுழற்சி என்ற பெயரைக் கேள்விப்பட்டிருப்பாரா தெரியாது. கிரஹாம் கிப்ஸ் 1988-ல் எழுதிய ஆறு படிகளை நாங்கள் பரீட்சைக்கு உருப்போடுகிறோம்: என்ன நடந்தது, என்ன உணர்ந்தாய், எது நல்லது எது கெட்டது, ஏன் அப்படி, வேறு என்ன செய்திருக்கலாம், அடுத்த முறை என்ன செய்வாய். டீக்கடை பெஞ்சில் சிஸ்டர் இந்த ஆறையும் ஒரு டீ முடிவதற்குள் முடித்துவிட்டார். நாமோ இதே ஆறு தலைப்பையும் போட்டு, சீனியர் நோட்டைப் பார்த்துக் காப்பியடித்து, கையெழுத்து வாங்குகிறோம். (என் நோட்டும் அப்படித்தான். மேடம் இதைப் படித்தால் மன்னிக்கவும்.)

பிரிட்டனில் இது விளையாட்டு இல்லை. 2016 ஏப்ரலிலிருந்து அங்கே நர்ஸ்கள் மூன்று வருடத்துக்கு ஒருமுறை பதிவைப் புதுப்பிக்கும்போது, தங்கள் பணி அனுபவம் பற்றி ஐந்து சிந்தனைக் குறிப்புகள் எழுத வேண்டும். அவற்றைப் பற்றி இன்னொரு நர்ஸுடன் உட்கார்ந்து பேசவும் வேண்டும். அங்கே வேலைக்குப் போகக் கனவு காணும் நம் வகுப்புக்காரர்கள் கவனிக்க!

இனி அந்தப் பெரிய வார்த்தை. மைண்ட்ஃபுல்னஸ். 1979-ல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவப் பள்ளியில் ஜான் கபட்-ஜின், தீராத வலியோடு வாழ்கிற நோயாளிகளுக்காக வகுப்பு ஒன்றைத் தொடங்கினார். அடிப்படை பௌத்த தியானம். மதச் சாயத்தை எடுத்துவிட்டு, இந்த நிமிடத்தில் நடப்பதை, நல்லது கெட்டது என்று தீர்ப்புச் சொல்லாமல் கவனிக்கும் பழக்கமாக மாற்றினார். பின்னர் அது மருத்துவப் பணியாளர்களுக்கும் வந்தது. நர்ஸ்களிடம் நடந்த பல ஆய்வுகள் மன அழுத்தம் குறைவதாகக் காட்டுகின்றன. பெரும்பாலும் சிறிய ஆய்வுகள், குறுகிய காலம் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

எனக்கு இதில் பிடித்த விஷயம் வேறு. ஜெர்மனியில் தானியா சிங்கர் என்ற நரம்பியல் ஆய்வாளரின் குழு, அடுத்தவர் துன்பத்தை அப்படியே தனக்குள் வாங்கிக்கொள்வதையும், அந்தத் துன்பப்படுபவருக்கு நன்மை செய்ய நினைப்பதையும் தனித்தனியே பயிற்றுவித்துப் பார்த்தது. முதலாவது ஆளைச் சோர வைத்தது. இரண்டாவதைப் பழகியபோது அந்தச் சோர்வு குறைந்து நல்லுணர்வு கூடியது. அதாவது, இரக்கப்பட்டதால் நாம் சோர்வதில்லை. அவர் வலியில் நாமும் மூழ்கிவிடுவதால்தான் சோர்கிறோம். ஆற்றில் தத்தளிப்பவரைக் காப்பாற்றக் கரையில் ஒரு காலை ஊன்றிக்கொண்டு கை நீட்டுகிறோமே, அது மாதிரி. அந்த ஊன்றிய காலுக்குத்தான் மைண்ட்ஃபுல்னஸ் என்று பெயர் வைத்திருக்கிறார்கள் என்று நான் புரிந்துகொண்டேன்.

"இரக்கமெல்லாம் கூடுதல் சலுகை, வேலை ஒழுங்காக நடந்தால் போதாதா?" என்று என் அறைத்தோழி கேட்டாள். அவளுக்குக் கென்னத் ஷ்வார்ட்ஸ் கதையைச் சொன்னேன். பாஸ்டன் வழக்கறிஞர். நாற்பது வயதில், 1994 கடைசியில் அவருக்கு நுரையீரல் புற்றுநோய் என்று தெரிந்தது. அறுவை சிகிச்சைக்கு முந்தைய விசாரிப்புக்குப் போனபோது அந்த நர்ஸ் முதலில் கடுகடுப்பாகத்தான் பேசினாராம். தன் நோயைப் பற்றி இவர் சொன்னதும் அவர் குரல் மாறியது, கையைப் பிடித்துக்கொண்டார். இவருடைய இரண்டு வயது மகன் பெயரே தன் உடன்பிறந்தவர் பிள்ளைக்கும் என்று பேச்சு வளர்ந்தது. மறுநாள் அறுவைக்குக் கொண்டுபோகும் முன், தன் வேலை இடம் அதுவாக இல்லாதபோதும் தேடி வந்து, கண் கலங்கி வாழ்த்திவிட்டுப் போனார். இதையெல்லாம் ஷ்வார்ட்ஸ் 1995-ல் பாஸ்டன் குளோப் இதழில் எழுதினார். அதே வருடம் செப்டம்பரில் இறந்தார்.

இறப்பதற்கு முன் அவர் தொடங்கிய அமைப்புதான் பிற்பாடு 'ஷ்வார்ட்ஸ் ரவுண்ட்ஸ்' என்ற கூட்டத்தை உருவாக்கியது. டாக்டர், நர்ஸ், வார்டு உதவியாளர் எல்லாரும் ஒன்றாக உட்கார்ந்து, ஒரு நோயாளியின் சிகிச்சையைப் பற்றிப் பேசாமல், அவரைக் கவனித்தபோது தங்களுக்கு என்ன ஆனது என்று பேசுகிறார்கள். தீர்வு சொல்வதில்லை, குற்றம் கண்டுபிடிப்பதில்லை. 2009-லிருந்து பிரிட்டனிலும் நடக்கிறது.

இன்னொன்று இதைவிடச் சிறியது. அமெரிக்காவின் வர்ஜீனியா பல்கலைக்கழக மருத்துவமனையில் ஜொனதன் பார்டெல்ஸ் என்ற அவசரப் பிரிவு நர்ஸ் தொடங்கியது. உயிரைக் காப்பாற்றும் முயற்சி தோற்றதும், கையுறையைக் கழற்றி எறிந்துவிட்டு ஆளுக்கொரு பக்கம் ஓடாமல், எல்லாரும் அந்தக் கட்டிலைச் சுற்றி ஒரு நிமிடத்துக்கும் குறைவாக மௌனமாக நிற்பது. இறந்தவருக்கு ஒரு மரியாதை, முயன்றவர்களுக்கு ஒரு மூச்சு. காசு செலவில்லை. இயந்திரம் வேண்டாம். அந்தத் தாத்தாவின் கட்டிலருகே நாங்கள் ஐந்து பேர் அப்படி நின்றிருந்தால், அடுத்த இரண்டு வாரம் எனக்கு வேறு மாதிரி போயிருக்கும் என்றே நினைக்கிறேன்.

இப்போது கசப்பான பகுதிக்கு வருகிறேன்.

இந்திய நர்சிங் கவுன்சிலின் அளவுகோல், பயிற்சி மருத்துவமனைகளில் 3 நோயாளிகளுக்கு ஒரு நர்ஸ், பொது மருத்துவமனைகளில் 5 பேருக்கு ஒருவர் என்கிறது. நான் பார்த்தது நாற்பதுக்கு ஒன்று. 2015-ல் தமிழக அரசு தொகுப்பூதியத்தில் வேலைக்கு எடுத்த நர்ஸ்கள், 2017 நவம்பரில் பணி நிரந்தரம் கேட்டு சென்னை டி.எம்.எஸ். வளாகத்தில் ஆயிரக்கணக்கில் உட்கார்ந்தார்கள். அப்போது அவர்கள் வாங்கிய மாதச் சம்பளம் 7,700 ரூபாய். அவர்களிடம் போய் "மூச்சைக் கவனியுங்கள்" என்று சொன்னால் எப்படி இருக்கும்?

உலக சுகாதார நிறுவனமே 2019-ல் 'பர்ன் அவுட்' என்பதை விளக்கும்போது, அது ஒரு நோய் இல்லை, சரிவரக் கையாளப்படாத பணியிட அழுத்தத்தால் வருவது என்றுதான் சொன்னது. அப்படியானால் மருந்து கொடுக்க வேண்டியது பணியிடத்துக்கு. நர்ஸின் மூச்சை மட்டும் சரிசெய்துவிட்டு டியூட்டி சார்ட்டை அப்படியே விட்டுவிடுவது, ஓட்டை வாளியைத் துடைத்துப் பளபளப்பாக்குவது போலத்தான்.

'தேவதை' என்று கூப்பிடுவதும் இதே ரகம். 2018 மே மாதம் கோழிக்கோட்டில் நிபா நோயாளிகளைக் கவனித்து, அதே நோயால் உயிர்விட்ட லினி என்ற நர்ஸை நாடே கொண்டாடியது. கணவருக்குக் கடைசியாக அவர் எழுதிய கடிதத்தைப் படித்து அழாதவர்கள் குறைவு. கொண்டாட வேண்டியவர்தான். ஆனால் தேவதை என்று சொல்லிவிட்டால் ஒரு வசதி இருக்கிறது. தேவதைக்குப் பசிக்காது, தூக்கம் வராது, சம்பளம் கேட்க மாட்டாள், அழவும் மாட்டாள். எனக்கு மனுஷியாக இருந்தால் போதும்.

"அப்படியானால் ஆள் பற்றாக்குறை தீரும் வரை இதெல்லாம் வேண்டாமா?" என்று கேட்டால், வேண்டும் என்றே சொல்வேன். ஏனென்றால் ஆள் போதுமான அளவு இருக்கிற வார்டிலும் தாத்தாக்கள் இறப்பார்கள். துக்கத்துக்கு ரேஷியோ கிடையாது. இன்னொரு காரணமும் உண்டு. தன் மனசைக் கவனிக்கத் தெரிந்தவளுக்குத்தான் "என்னால் முடியவில்லை, இங்கே ஆள் போதாது" என்று தெளிவாகச் சொல்லத் தெரியும். மரத்துப் போனவள் எதையும் கேட்க மாட்டாள். என் கண்ணுக்கு இரண்டும் எதிரெதிரானவை இல்லை, ஒரே வண்டியின் இரண்டு சக்கரம்.

என் கோரிக்கைகள் சின்னவை.

ஒன்று, ஒரு ஷிஃப்ட் முடிந்து அடுத்தவரிடம் ஒப்படைக்கும் நேரத்தில் பத்து நிமிடம். டியூட்டி நேரத்துக்குள்ளேயே. "இன்னிக்கு மனசுல நின்னது எது?" என்ற ஒரே கேள்வி. யாரும் குறிப்பெடுக்கக் கூடாது. பேசப் பிடிக்காதவரை வற்புறுத்தக் கூடாது.

இரண்டு, வார்டில் ஒரு மரணம் நடந்தால் அரை நிமிட மௌனம். அந்த ஷிஃப்டில் மாணவி யாராவது இருந்தால், வீட்டுக்குப் போகும் முன் அவளிடம் ஒருவர் பேசியிருக்க வேண்டும்.

மூன்று, சிந்தனைக் குறிப்புக்கு மார்க் போடுவதை நிறுத்துங்கள். மார்க் இருக்கும் வரை யாரும் உண்மையை எழுத மாட்டார்கள். எழுதியது பின்னால் தனக்கு எதிராகவே திரும்பும் என்ற பயம் இருந்தால் சுத்தமாக எழுத மாட்டார்கள்.

நான்காவது நமக்கு, நாமே செய்துகொள்ளக்கூடியது. சோப்புப் போட்டுக் கை கழுவ 40 முதல் 60 விநாடி எடுக்க வேண்டும் என்று படித்திருக்கிறோம். ஒரு ஷிஃப்டில் எத்தனை முறை கழுவுகிறோம்! அந்த நாற்பது விநாடி ஏற்கனவே நம்முடையது, யாரிடமும் அனுமதி கேட்க வேண்டாம். தண்ணீர் கையில் படுவதைக் கவனித்து, முந்தைய கட்டிலை அங்கேயே விட்டுவிட்டு, அடுத்தவரின் பெயரை ஒருமுறை மனதில் சொல்லிக்கொண்டு போவது. மூன்று மாதமாகச் செய்கிறேன். எல்லா நேரமும் ஞாபகம் வருவதில்லை. வந்த நேரங்களில் முகத்தைப் பார்க்கிறேன்.

அந்த மூத்த சிஸ்டர் போன மாதம் வேறு ஊருக்கு மாற்றலாகிப் போனார். கிளம்பும் அன்று அதே டீக்கடை, அதே பெஞ்ச். "இங்க புதுசா ஃபர்ஸ்ட் இயர் பிள்ளைங்க வந்திருக்காங்களே, யார் பார்த்துக்குவாங்க சிஸ்டர்?" என்றேன். சிரித்தார். "அதுக்குத்தான் உன்னை டீ குடிக்கக் கூட்டிட்டு வந்தேன்" என்றார்.

நேற்று ஒரு ஜூனியர், போஸ்டிங் முடிந்து மெஸ்ஸில் தட்டைப் பார்த்தபடியே உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். என்ன பேசுவது என்று தெரியவில்லை. "டீ குடிக்கலாமா?" என்று மட்டும் கேட்டேன்.

பதினான்காம் கட்டில் தாத்தாவின் பெயர் சுப்பையா. ரிப்போர்ட்டில் நான் எழுதாமல் விட்டது. இங்கேயாவது இருக்கட்டும்.